விதியா, கோரஸா, ரயில் அட்டவணையா: தமிழ்வழி வகுப்பில் ஆங்கிலம்

தமிழ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்று பெயர். நடைமுறையில் அது அந்நிய மொழிதான். வீட்டில் யாரும் பேசுவதில்லை, விளையாடுகிற இடத்திலும் பேசுவதில்லை. பெரும்பாலும் அந்த ஒரு பீரியடோடு சரி. அதற்குள் என்ன செய்வது என்பதற்கு நம் ஊரில் மூன்று வழிகள் இருந்திருக்கின்றன: தமிழில் விதி சொல்லி மொழிபெயர்க்க வைப்பது, வாக்கிய அமைப்புகளைச் சொல்லிச் சொல்லிப் பழக்குவது, ஏதாவது ஒரு கணக்கையோ புதிரையோ ஆங்கிலத்திலேயே தீர்க்க வைப்பது.

மூன்றையும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். ‘டஸ்’ போட்டுக் கேள்வி கேட்பதை எடுத்துக்கொள்கிறேன். ‘டஸ் ஷி கோஸ்?’ என்று ஒரு தடவையாவது எழுதாத தமிழ்ப் பிள்ளை அபூர்வம். நமக்குப் ‘போகிறாள்’ என்பதோடு ஓர் ஆகாரம் சேர்த்தால் கேள்வி வந்துவிடும். ஆங்கிலத்திலோ ‘கோஸ்’ கடைசியில் இருக்கும் சத்தம் அங்கிருந்து கழன்று, முன்னால் வரும் ‘டஸ்’ஸில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

முதல் வழியில் இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். வாத்தியார் இரண்டு வாக்கியங்களை மேலும் கீழுமாக எழுதி, எது எங்கே நகர்ந்தது என்று அம்புக்குறி போட்டுத் தமிழில் விளக்குவார். பிள்ளைக்குப் புரிந்துவிடும். இந்த வேகத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். தெரிந்த மொழியில் விளக்கம் கேட்பது பிள்ளையின் உரிமை என்றே நான் நினைக்கிறேன். சிக்கல் அப்புறம்தான் வருகிறது. மீதி நேரம் முழுக்க ‘தமிழில் எழுது, ஆங்கிலத்தில் எழுது’ என்றே போய்விடுகிறது. அந்த வகுப்பில் ஆங்கிலம் காதில் விழுவதே இல்லை. தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பும் பிள்ளை, எதிரில் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டால் விதியைத் தேடிக்கொண்டு நின்றுவிடும்.

இரண்டாவது வழி இதற்கு மாற்றாக வந்தது. ஹரால்ட் பாமர், ஏ.எஸ். ஹார்ன்பி போன்ற ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர்கள் வளர்த்த முறை. எளிய அமைப்பிலிருந்து கடினமான அமைப்புக்குப் படிப்படியாகப் போவது, ஒவ்வொன்றையும் வாய் பழகும்வரை சொல்ல வைப்பது. அன்றைய சென்னை மாநிலத்தில் 1960ஐ ஒட்டி இதற்காகவே ஆசிரியர் பயிற்சி இயக்கம் ஒன்று நடந்தது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் பலருக்குக் கொடுத்து என்று சுமார் 27,000 ஆசிரியர்களை எட்டுவது திட்டம். உருள உருளப் பெரிதாகும் பனிப்பந்து மாதிரி என்பதால் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்று அதற்குப் பெயரே உண்டு.

இந்த வகுப்பில் போர்டில் நாலு பத்தி இருக்கும்: டஸ் / ரவி, சீதா, யுவர் பிரதர் / லைக், வாண்ட் / டீ, மில்க். எதை எதோடு சேர்த்தாலும் சரியான வாக்கியம் வரும். வகுப்பே கோரஸாகச் சொல்லும். நாக்கு பழகுகிறது, பெரிய வகுப்பிலும் ஒருவர் விடாமல் வாய் திறக்கிறார்கள். ஆனால் ரவிக்கு டீ பிடிக்குமா என்பது அங்கே யாருக்கும் தேவையில்லாத செய்தி. பதில் என்னவாக இருந்தாலும் ஒன்றுதான். அதனால் பிள்ளை அர்த்தத்தை விட்டுவிட்டு ஓசையை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அடுத்த மாதம் வேறு அமைப்பு வந்ததும் இது மறந்துபோகிறது.

மூன்றாவது வழிதான் எனக்கு நெருக்கமானது. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, பெங்களூரில் இருந்த வட்டார ஆங்கில நிறுவனத்தின் துணையோடு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்ப் பள்ளிகளில் இதை நடத்திப் பார்த்தார். இலக்கணப் பட்டியலே கிடையாது. ரயில் அட்டவணை, ஊர் வரைபடம் என்று தீர்க்க வேண்டிய வேலைகள் மட்டும்தான். கவனம் அர்த்தத்தில் இருந்தால் இலக்கணம் உள்ளே தானாக உருவாகும் என்பது அவர் நம்பிக்கை.

ஒரு வகுப்பைப் பாருங்கள். போர்டில் எழும்பூரிலிருந்து திருச்சிக்குப் போகும் மூன்று ரயில்கள், நிற்கும் ஊர்கள், நேரங்கள். டீச்சர் கேட்கிறார்: “டஸ் தி ஃபர்ஸ்ட் டிரெய்ன் ஸ்டாப் அட் விருத்தாசலம்?” எல்லார் கண்ணும் அட்டவணைக்குப் போகிறது. “நோ.” “டஸ் தி செகண்ட் டிரெய்ன் ஸ்டாப் தேர்?” “எஸ்.” “ஹவ் லாங் டஸ் இட் ஸ்டாப்?” “டூ மினிட்ஸ்.” இப்படிக் கொஞ்ச நேரம் எல்லாரும் சேர்ந்து செய்த பிறகு, அதே மாதிரி ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் தனியாகத் தீர்க்க வேண்டும்: விழுப்புரத்தில் இருப்பவர் மதியத்துக்குள் திருச்சி சேர எந்த ரயிலைப் பிடிப்பார்? ஒரு பெண் மூன்றாவது ரயில் என்று எழுதுகிறாள். பக்கத்தில் இருப்பவள் கத்துகிறாள், “மிஸ், அது விழுப்புரத்துலயே நிக்காது மிஸ்!” டீச்சர் அதட்டுவதில்லை. “எஸ், இட் டஸ்ன்ட் ஸ்டாப் தேர்” என்று அவள் சொன்னதையே ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு மேலே போகிறார்.

அந்த ஒரு பீரியடில் ‘டஸ் ஸ்டாப்’ பத்துப் பதினைந்து தடவை காதில் விழுந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் அதைப் புரிந்துகொண்டால்தான் விடை வரும். கோரஸ் வகுப்பில் இதற்கு இடமே இல்லை.

குழுவாக உட்கார்ந்து பேச வைப்பதைப் பிரபு தவிர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அரைகுறை ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் ஒருவர் பிழையை ஒருவர் உறுதிப்படுத்திவிடுவார்கள் என்ற கவலை. நம் வகுப்புகளுக்கு இது நியாயமான கவலைதான்.

சரி, பலன் எப்படி? ஆலன் பெரட்டா, ஆலன் டேவிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் பிரபுவின் இந்த முயற்சியைப் பற்றி 1985இல் மதிப்பீடு வெளியிட்டார்கள். அமைப்புகளைச் சோதிக்கும் தேர்வில் வழக்கமான வகுப்புப் பிள்ளைகளும், இப்படி ஏதாவது ஒன்றைத் தீர்க்கச் சொல்லும் தேர்வில் பிரபுவின் பிள்ளைகளும் முன்னால் நின்றார்கள். இரு பக்கமும் சாராத தேர்வுகள் பிரபுவின் பக்கம் ஓரளவு சாய்ந்தன. ஆனால் அந்த வகுப்புகளை எடுத்தவர்கள் ஆர்வத்தோடு வந்த தேர்ந்த ஆசிரியர்கள். முறையின் பலன் எவ்வளவு, ஆசிரியரின் பலன் எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. மேலே உள்ள உரையாடலில் ‘டஸ்’ என்று சொன்னது டீச்சர் மட்டும்தான். பிள்ளைகள் எஸ், நோ, டூ மினிட்ஸ் என்று சொல்லியே தப்பிக்கலாம். வருடம் முழுக்க இப்படியே போகவும் கூடும். அதோடு, எழுதி வைத்த பாடம் இல்லாமல் நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போக ஆசிரியருக்கே நல்ல பழக்கம் வேண்டும். நம்மில் பலருக்கு அந்தப் பயிற்சியை யாரும் கொடுக்கவில்லை.

அதனால் ஆறு முதல் எட்டு வரைக்கும் நான் மூன்றாவது வழியையே தேர்ந்தெடுப்பேன், ஒரே மாற்றத்தோடு. அட்டவணையைப் பாதிப் பிள்ளைகளிடம் கொடுத்து, மீதிப் பேரை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்வேன். கேள்விக்கான வார்த்தைகள் போர்டிலேயே இருக்கட்டும்; ஒருவர் கேட்பதை வகுப்பு முழுக்கக் கேட்கட்டும். டீச்சரும் கூடவே நிற்பதால் பிழை பரவாது. ‘டஸ் இட் ஸ்டாப்ஸ்’ என்று பலர் வாயிலும் வந்தால், அப்போது தமிழில் ஐந்து நிமிட அம்புக்குறி விளக்கம். தவறு தன் வாயில் வந்த பிறகு கேட்கும் விதி நன்றாகப் பதிகிறது. கோரஸை உச்சரிப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு இருக்கிறது. அங்கே விதியும் எழுத்துப் பயிற்சியும் கூடுதல் நேரம் எடுக்கத்தான் செய்யும். அதற்காக ஆறாம் வகுப்பிலேயே கைடை விரிக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்ட் நேரப் பலகை, ரேஷன் கடை விலைப் பட்டியல், ஊர் வரைபடம் இவை போதும். விடையை அட்டவணையில் அப்படியே பார்த்து எழுதிவிட முடியாதபடி கேள்வியை அமைக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது பாதிக்கு மேல் சரியாகச் செய்யும் அளவுக்கு அது இருக்கட்டும். பிரபு வைத்த அளவும் கிட்டத்தட்ட அதுதான்.