மணிக்கட்டு முறிவு: மாவுக்கட்டா, பிளேட்டா?

வழுக்கி, கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் உடைவது முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள ஆரை எலும்பின் மணிக்கட்டு முனைதான். டப்ளினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஏப்ரகாம் காலிஸ் 1814-லேயே இதை விவரித்தார். எலும்பு கோணலாகச் சேர்ந்தாலும் நாளடைவில் கை வலியின்றி இயங்கும் என்பது அவர் கருத்து. எக்ஸ்ரேயே இல்லாத காலம் அது!

மாவுக்கட்டு என்றால் எலும்பை இழுத்து நேராக்கி, ஐந்தாறு வாரம் கட்டு. கத்தி படாது, செலவும் குறைவு. ஆனால் வயதானவர்களின் மெலிந்த எலும்பு கட்டுக்குள்ளேயே மறுபடி சரியலாம். அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். விரல்களை அசைக்காமல் விட்டால் இறுகிப்போகும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிளேட் என்றால் அறுவை சிகிச்சை செய்து, உடைந்த எலும்பின் மேல் திருகி வைக்கும் உலோகத் தகடு. அதை வைத்தால் எக்ஸ்ரே அழகாக இருக்கும், மணிக்கட்டைச் சீக்கிரம் அசைக்கலாம். சரி, ஆனால் பிளேட்டின் விளிம்பு துருத்தியிருந்தால் கட்டைவிரலை மடக்கும் தசைநாண் அதில் உரசி, பிற்பாடு அறுந்தும் போகலாம். அப்புறம் இன்னொரு அறுவை சிகிச்சை.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2021-ல் வெளியானது. ஓராண்டு கழித்து வலியிலும் கைப்பயன்பாட்டிலும் இரண்டு சிகிச்சைக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே எழுபது வயதுப் பாட்டிக்குப் பெரும்பாலும் மாவுக்கட்டே போதும் என்பேன், கை சற்றுக் கோணலாகத் தெரிந்தாலும். முப்பது வயது மெக்கானிக்குக்கு மூட்டுப் பரப்பே உடைந்து விலகியிருந்தால் பிளேட்தான். அங்கே மில்லிமீட்டர் கணக்கு முக்கியம்.