நடுக்கோடு: நிலாவா, பூமியா?

நடுக்கோட்டை ஒரு சுற்றுச் சுற்ற எது வசதி என்று பையன் கேட்டான். சரி, கணக்குப் போட்டோம்.

தூரம்: பூமியில் 40,075 கி.மீ.; நிலாவில் சுமார் 10,920.

வெயில்: பூமியில் கடலும் காற்றும் தணித்துவிடும். நிலாவில் நண்பகலில் 120 டிகிரி, இரவில் மைனஸ் 130-க்கும் கீழே.

பொழுது: பூமியில் சூரியனைத் துரத்த மணிக்கு 1,670 கி.மீ. வேண்டும், ஜெட் விமானமே திணறும். நிலாவில் 15 போதும், சைக்கிள் வேகம்தான்! மிதித்துக்கொண்டே இருந்தால் அந்திப்பொழுது முடியாது. காற்றில்லாததால் செவ்வானம் மட்டும் கிடைக்காது.

ஆக, சுற்ற நிலா. ராக்கெட்டுக்கு நடுக்கோடு கைகொடுப்பதில் பூமி: சுழற்சியே நொடிக்கு 465 மீட்டர் வேகத்தை இலவசமாகத் தருகிறது. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம் நடுக்கோட்டை ஒட்டியிருப்பது சும்மா இல்லை. நிலாவில் கிடைப்பதோ ஐந்து மீட்டர்கூட இல்லை.