ஏணியா, தொலைபேசியா, திசைகாட்டியா? கொழும்புத் தமிழ் வாக்கின் மூன்று வழிகள்

2024 நவம்பர் பொதுத்தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, ஜிந்துப்பிட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதிரி வாக்குச்சீட்டை விரித்து வைத்திருந்தேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சின்னங்களின் வரிசையில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார்.

"தம்பி, ஏணி எங்கே?"

"நம்முடைய ஆள் இந்த முறை தொலைபேசியில் நிற்கிறார் அம்மா. முதலில் தொலைபேசிக்கு எதிரே புள்ளடி போடுங்கள். பிறகு கீழே அவருடைய இலக்கத்தைத் தேடுங்கள்."

"அப்படியென்றால் என் வாக்கு யாருக்குப் போகிறது?"

ஏணி மனோ கணேசனின் ஜனநாயக மக்கள் முன்னணியின் சின்னம், தொலைபேசி அவர் பங்காளியாக நின்ற ஐக்கிய மக்கள் சக்தியின் சின்னம். வாக்கு முதலில் தொலைபேசிக்குத்தான் போகிறது. அந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பது முடிவான பிறகே விருப்பு இலக்கம் பேசும். இதைச் சொன்னதும் அம்மாவின் முகத்தில் தெரிந்த ஏமாற்றம் என்னை விட்டுப் போகவில்லை. கொழும்பில் ஒரு சிறிய தமிழ்க் கட்சிக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: சொந்தச் சின்னத்தில் தனித்து நிற்பது, பெரிய கட்சியின் பட்டியலில் பங்காளியாக நிற்பது, அல்லது தமிழ் அரசியல்வாதிகளும் வாக்காளர்களும் நேரடியாகத் தேசியக் கட்சிக்குள்ளேயே போய்விடுவது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தனிச் சின்னத்தின் கணக்கு கடினமானது. 2024இல் கொழும்பு மாவட்டத்துக்கு 18 ஆசனங்கள். செல்லுபடியான வாக்குகள் ஏறத்தாழ பதினொன்றரை இலட்சம். வெட்டுப்புள்ளி 5 வீதம், அதாவது 57,000 வாக்குகளுக்குச் சற்று மேல். அதற்குக் கீழே எத்தனை ஆயிரம் எடுத்தாலும் கணக்கில் வராமல் கழிக்கப்பட்டுவிடும். முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் போக, மிச்சம் 17. அந்தத் தேர்தலில் ஓர் ஆசனத்தின் விலை 58,000 வாக்குகளை ஒட்டியே வந்தது. ஆகவே தனித்து நிற்கும் தமிழ்க் கட்சிக்கு வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் ஓர் ஆசனம், தாண்டாவிட்டால் பூச்சியம். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று சிதறி வாழும் வாக்காளர்களை ஒரே சின்னத்தின் கீழ் கொண்டுவந்து, அவர்கள் அன்று காலை வீட்டை விட்டு வெளியேறி வரிசையில் நின்றால்தான் அந்த ஒன்று.

இந்த 5 வீதம்கூட சும்மா கிடைத்தது அல்ல. முன்பு அது 12.5 வீதமாக இருந்தது. 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஆதரவு தேடிய பிரேமதாசவிடம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் கேட்டு வாங்கியது, 15ஆவது திருத்தமாக அரசியலமைப்பில் ஏறியது. தேர்தலுக்கு முந்தைய சில வாரங்களில் ஒரு சிறிய கட்சிக்கு இருக்கும் மதிப்பு வேறு எப்போதும் இருப்பதில்லை. அந்த வாரங்களில் அமைச்சர் பதவி கேட்டிருந்தால் அது அந்த ஆட்சியோடு போயிருக்கும். அஷ்ரப் விதியை மாற்றக் கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதன் நிழலில் எத்தனையோ சிறிய கட்சிகள் நிற்கின்றன. இந்த நாட்டில் ஒரு சிறிய கட்சி செய்த பேரங்களில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் காணவில்லை.

இனிப் பங்காளி வழி. இதன் பலம் விருப்பு வாக்கில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று விருப்புகள். தமிழ் வாக்காளர் ஒன்றைத் தன் வேட்பாளருக்குக் கொடுத்து, மற்ற இரண்டை அதே பட்டியலில் உள்ள சிங்கள, முஸ்லிம் வேட்பாளர்களுக்குக் கொடுக்கலாம். அவர்களின் ஆதரவாளர்களும் அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். மனோ கணேசன் 2015, 2020 இரண்டு தேர்தல்களிலும் 60,000க்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு கொழும்பில் வென்றது இப்படித்தான். 2015 ஜூனில் ஜனநாயக மக்கள் முன்னணி, தொழிலாளர் தேசிய சங்கம், மலையக மக்கள் முன்னணி மூன்றும் சேர்ந்து தமிழ் முற்போக்குக் கூட்டணியானது. ஐக்கிய தேசியக் கட்சித் தலைமையிலான பட்டியலில் நின்று அந்த ஆகஸ்டில் ஆறு ஆசனங்கள் பெற்றது. தனித்து நின்றிருந்தால் இந்த ஆறு வந்திருக்காது.

ஆனால் பெரிய கட்சி சரிந்தால் பங்காளியும் சேர்ந்தே சரிய வேண்டும். 2024இல் கொழும்பில் தேசிய மக்கள் சக்திக்கு 14, ஐக்கிய மக்கள் சக்திக்கு 4. அந்த நான்கு இடங்களுக்குள் மனோ கணேசன் வரவில்லை. பிறகு தேசியப் பட்டியல் வழியாக நாடாளுமன்றம் போனார், அதுவும் தேர்தல் முடிந்து ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து. வேட்புமனுவில் கையெழுத்திடும் நாளில் பங்காளிகளுக்கு இருந்த மதிப்பு, முடிவுகள் வந்த மறுநாள் இல்லை.

இதைவிட ஆழமான பலவீனம் ஒன்று இருக்கிறது. ஓர் உறுப்பினரின் பெயர் எந்தக் கட்சியின் வேட்புமனுவில் இருந்ததோ, அந்தக் கட்சியிலிருந்து நீங்கினால்தான் ஆசனம் பறிபோகும் என்கிறது அரசியலமைப்பு. பங்காளிக் கட்சியின் உறுப்பினர் தாவினால், அவரைக் கட்டிவைக்கும் கயிறு பங்காளியின் கையில் இல்லை. 2010இல் ஜனநாயக மக்கள் முன்னணியின் பிரபா கணேசனும் தொழிலாளர் தேசிய சங்கத்தின் திகாம்பரமும் எதிரணிப் பட்டியலில் வென்று அரசாங்கப் பக்கம் போனார்கள். 2020 ஒக்டோபரில், ஜனாதிபதியின் அதிகாரங்களைக் கூட்டிய அரசாங்கத்தின் 20ஆவது திருத்தத்துக்கு, தமிழ் முற்போக்குக் கூட்டணியின் அரவிந்தகுமார் ஆதரவாக வாக்களித்தார். பெரிய கட்சியிடம் சின்னத்தையும் இரவல் வாங்கி, உறுப்பினரையும் இரவல் கொடுத்த நிலை அது. அம்மாவின் கேள்வி இங்கேதான் எனக்கு முழுதாக விளங்கியது.

மூன்றாவது வழி, தேசியக் கட்சிக்குள்ளேயே போவது. இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2020இல் மூன்றே ஆசனங்கள் வைத்திருந்த தேசிய மக்கள் சக்தி 2024இல் 159 பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலேயே ஆறில் மூன்றை எடுத்தது. மாத்தறையிலிருந்து தமிழரான சரோஜா சாவித்திரி போல்ராஜ் வென்று அமைச்சரானார். எங்கள் ஒழுங்கையிலும் இளைய பிள்ளைகள் பலர் அந்தக் கட்சியின் சின்னமான திசைகாட்டிக்குத்தான் போட்டார்கள். ஊழலும் விலைவாசியும் எல்லோருக்கும் பொது என்று அவர்கள் சொன்னது உண்மை. எனக்குள்ள தயக்கம் வேறு. கொழும்பு வடக்கில் ஓர் அரச அலுவலகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கடிதம் இன்றும் சிங்களத்தில் மட்டுமே வருகிறது. தமிழ் 1987இலேயே 13ஆவது திருத்தத்தால் அரசகரும மொழியாகிவிட்டது. அந்தக் கடிதத்தை அம்மா பக்கத்து வீட்டுக்கு எடுத்துச் சென்று வாசிக்கக் கேட்கிறார். 159 பேர் கொண்ட அணிக்குள் இருக்கும் தமிழ் உறுப்பினர் இதைப் பற்றி மனம் வருந்தலாம், அமைச்சரிடம் பேசலாம். ஆனால் "இது நடக்காவிட்டால் எங்கள் ஆதரவு இல்லை" என்று சொல்ல அவருக்கு இடமில்லை. மூன்றில் இரண்டு பெரும்பான்மை உள்ள ஆட்சியில் வெளியே இருக்கும் சிறிய கட்சிக்கும் அந்த இடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிறிய கட்சியின் பலம் பெரியவர்களின் இடைவெளி எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்தது. 2001இல் முஸ்லிம் காங்கிரஸ் விலகியதும் சந்திரிகாவின் அரசாங்கம் பெரும்பான்மையை இழந்தது. 2015 ஜனாதிபதித் தேர்தலில் வித்தியாசம் நான்கரை இலட்சத்துக்குள். அங்கே தமிழ், முஸ்லிம் வாக்குகள் தீர்மானித்தன. 2019இல் கோட்டாபயவுக்கு அவை தேவைப்படவில்லை.

கொழும்பில் அந்த நெருக்கம் இப்போது மாநகர சபையில் இருக்கிறது. 2025 மே தேர்தலில் 117 உறுப்பினர் கொண்ட சபையில் தேசிய மக்கள் சக்திக்கு 48 மட்டுமே. ஜூன் 16 அன்று இரகசிய வாக்கெடுப்பில் விராய் கெலி பல்தசார் 61 வாக்குகளோடு மேயரானார், எதிர்த்து நின்ற ரிஸா சாரூக்குக்கு 54. நாற்பத்தெட்டுக்கும் அறுபத்தொன்றுக்கும் இடையிலான அந்தப் பதின்மூன்றை வேறு அணிகளிலிருந்துதான் திரட்ட வேண்டியிருந்தது. ஏழு மாதம் முன்பு நாட்டையே வென்ற கூட்டணி, நகர மண்டபத்தில் சிறியவர்களின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

இதனால்தான் என் முடிவு ஒரே சின்னத்தில் நிற்கவில்லை. பொதுத்தேர்தலில் கொழும்பில் தனித்து நிற்பது சூதாட்டம். பங்காளியாகப் போவதே சரி. ஆனால் மாநகர சபைக்கும் மாகாண சபைக்கும் ஏணிதான். இது கற்பனை அல்ல, ஏற்கெனவே நடந்தது. 2010இல் மனோ கணேசன் கண்டிக்குப் போய்த் தோற்று நாடாளுமன்றத்துக்கு வெளியே நின்றார். 2011 ஒக்டோபரில் கொழும்பு மாநகர சபைக்கு ஏணியில் தனித்து நின்ற அவருடைய கட்சி ஆறு ஆசனங்கள் எடுத்தது. அன்றுதான் அம்மா ஏணியைக் கற்றார். 2014இல் மேல் மாகாண சபையில் இரண்டு. அந்த எண்ணிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் 2015இல் பெரிய கட்சியோடு பேச முடிந்தது. தன் வாக்கைத் தனியாக எண்ணிக் காட்டாத கட்சிக்கு, பேச்சுவார்த்தை மேசையில் சொல்ல எண்ணே இருக்காது.

அந்த மேசையில் கேட்க வேண்டியவையும் எனக்குத் தெளிவு. தேசியப் பட்டியலில் எத்தனையாவது பெயர் என்பது வேட்புமனு நாளுக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். அதோடு அமைச்சுப் பதவியை விட நிலைத்து நிற்கும் ஒன்று வேண்டும்: அரச அலுவலகக் கடிதம் வீட்டுக்காரரின் மொழியில் வராவிட்டால் அது செல்லாது என்ற சட்டம். அஷ்ரப் கேட்ட மாதிரிக் கேளுங்கள்.

2014 மார்ச்சுக்குப் பிறகு மேல் மாகாண சபைக்குத் தேர்தல் நடத்தப்படவில்லை. அது அறிவிக்கப்படும் நாளில் எங்கள் மேசையில் மறுபடியும் ஒரு மாதிரிச் சீட்டு விரியும். அம்மா விரலை மேலிருந்து கீழாக ஓட்டுவார். அந்த வரிசையில் ஏணி இருக்க வேண்டும்.