லேப்ரடாரா, நாட்டு நாயா? ஆஸ்பத்திரிச் செலவை வைத்துப் பார்த்தால்

குட்டியின் விலை ஒரு தடவையோடு முடிந்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவு பத்துப் பன்னிரண்டு வருடம் கூடவே வரும், அதுவும் ஏறிக்கொண்டே. ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டில் நாட்டு நாய், கீழக்கரையில் அக்கா வீட்டில் லேப்ரடார். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் நாட்டு நாய் பக்கம்தான்.

லேப்ரடார் யாரோடும் பழகும், நாட்டு நாய் வீட்டைக் காக்கும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தடுப்பூசிச் செலவும் இரண்டுக்கும் ஒன்றே, ஏனென்றால் ஊசி மருந்தின் அளவு எடையைப் பொறுத்து மாறுவதில்லை. நாட்டு நாய்க்கு ஒன்றும் வராது என்று ஊசி போடாமல் விடுகிறவர்கள் இங்கே நிறைய. தயவுசெய்து அப்படி விடாதீர்கள், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் நாட்டுக்குட்டியும் செத்துப்போகும். வெறிநோய் ஊசிக்குச் செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம் நடக்கும், விசாரித்துக் கொள்ளுங்கள்.

ஊசியைத் தாண்டினால் எல்லாமே எடைக் கணக்கு. குடற்புழு மாத்திரை பொதுவாக 10 கிலோவுக்கு ஒன்று. எங்கள் நாய் 15 கிலோ, அதற்கு ஒன்றரை போதும். அக்காவின் நாய் 30 கிலோவைத் தாண்டிவிட்டது, மூன்றுக்கு மேல் வேண்டும். உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரையும் எடை கூடக் கூட விலை கூடும். உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை நான்கு வாரம் வரை கொடுக்க வேண்டும், அதுவும் கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். கருத்தடை ஆபரேஷனுக்கு மயக்க மருந்தும் அப்படியே. ஆக, ஒரே நோய்க்கு மருந்துக்கடையில் அக்கா ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுக்கிறாள். உண்ணி மட்டும் இரண்டு வீட்டையும் விடுவதில்லை. அது பெரும்பாலும் சுவர் வெடிப்பில்தான் குடியிருக்கும், நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

லேப்ரடாருக்கு இன்னொரு தொல்லை காது. தண்ணீரைக் கண்டால் நிற்காத சாதி, அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் வெளியே இழுக்க முடியாது. மடிந்த காதுக்குள் ஈரம் தங்கி, நம் கரையின் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கிறது. காது மருந்து, ஷாம்பு, ராமநாதபுரத்துக்கு வண்டி வாடகை எல்லாம் சேர்ந்தால் ஒரு தடவைக்கே 2,000 ரூபாயைத் தாண்டுகிறது. ஆறினாலும் திரும்ப வருகிறது. எங்கள் நாய்க்கு நிமிர்ந்த காது, காற்றோட்டமாக இருக்கும். அப்புறம் லேப்ரடாருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது, உடம்பு பெருத்தால் வலி கூடும். பல லேப்ரடார்களுக்கு ஒரு மரபணுக் குறையால் பசி அடங்குவதே இல்லை என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அக்கா வீட்டில் அதைக் கண்கூடாகப் பார்க்கிறோம்.

நாட்டு நாயிலும் செலவு உண்டு. ஊர் சுற்றும், கடிபட்டு வரும். காயத்துக்கு எங்கள் பக்கத்து அரசு கால்நடை மருந்தகமே போதுமாக இருந்திருக்கிறது, சில மருந்துகளை மட்டும் வெளியே வாங்கினோம். ஆனால் எங்கள் நாய்க்கு இன்னும் நாலு வயதுதான். முதுமையில் என்ன வரும் என்று இப்போதே சொல்வது நியாயமில்லை. தெருவில் எடுத்த குட்டி என்பதால் தாய் தகப்பன் வரலாறும் கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் லேப்ரடார்தான் வேண்டும் என்றால் சரி. குட்டியின் தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள், சாப்பாட்டை அளந்து வையுங்கள், கடலில் விட்ட அன்றே காதைத் துடைத்துக் காயவிடுங்கள்.