காது கேட்காத ராஜபாளையமும் கைக்குழந்தையும்: பட்டறையில் செய்த இரும்புக் கதவு பற்றி

வெள்ளையனுக்கு இப்போது நான்கு வயது. ராஜபாளையம் நாய், எடை 32 கிலோ, தோள் உயரம் 70 செ.மீ. மாமா ஊரிலிருந்து 45 நாள் குட்டியாக மடியில் வைத்துப் பேருந்தில் கொண்டு வந்தார். பால் வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக அவ்வளவு அழகு. இந்த வெள்ளை நாய்களில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தூங்குகிறவன் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தோம். காது மடல்கூட அசையவில்லை. டாக்டரும் இரண்டு காதும் கேட்காது என்று சொல்லிவிட்டார்.

கதவைப் பற்றி எழுத வந்து இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பாப்பாவுக்குப் பதினொரு மாதம் இருக்கும். தவழ்ந்து போய், தூங்கிக்கொண்டிருந்தவனின் வாலைப் பிடித்துவிட்டாள். அவன் துள்ளி எழுந்து திரும்பிய வேகத்தில் பல் காற்றைத்தான் கடித்தது. அவள் முகத்துக்கும் அவன் வாய்க்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அடுத்த நொடியே அவளை அடையாளம் கண்டு, காதை மடித்துக்கொண்டு ஒதுங்கிப் போய்விட்டான். நாங்கள் அவனை அடிக்கவில்லை. சத்தமே தெரியாத ஒரு உயிரைத் தூக்கத்தில் தொட்டால் அது பதறத்தான் செய்யும். அவளை அங்கே போகவிட்டது எங்கள் தப்பு.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்த செய்தி வந்ததிலிருந்தே அம்மாவுக்குப் பயம். இதைக் கேட்டதும், "நாயை ஊர்ல விட்டுட்டு வாங்க, அப்புறம் பேசு" என்றார். மாமாவோ, "சங்கிலியில கட்டிப்போட்டாப் போதும்மா" என்றார். இரண்டுக்கும் எனக்கு மனசு வரவில்லை. சங்கிலி எட்டும் தூரம் நாய்க்குத் தெரியும், தவழும் குழந்தைக்குத் தெரியாது. நாளெல்லாம் கட்டியே கிடக்கும் நாய்க்கு, பயந்தால் விலகிப் போகவும் வழியில்லை. சரி, பின்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு போடுவோம் என்று முடிவு செய்தோம்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வாங்கினோம், 3,400 ரூபாய். கம்பெனி பெயர் வேண்டாம். சுவரில் துளை போடாமல், இரண்டு பக்கமும் ரப்பர் வைத்துத் திருகி அழுத்தி நிறுத்தும் வகை. உயரம் 76 செ.மீ. வெள்ளையனின் தோளைவிட ஆறு செ.மீ.தான் கூட என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் வாசலில் கூரியர்காரரைப் பார்த்ததும் இவன் முன்னங்காலைத் தூக்கி மேலே வைத்தான். கதவு சட்டத்தோடு ஹாலில் விழுந்தது. நல்லவேளை, பாப்பா தொட்டிலில் இருந்தாள். அந்தக் கதவு மோசமென்று சொல்ல மாட்டேன். இப்போது தங்கை வீட்டு அடுக்களை வாசலில், அவள் பையன் அடுப்புப் பக்கம் போகாமல் நன்றாகவே தடுக்கிறது. ஆனால் பெரிய நாய் இருக்கும் வீட்டுக்கு, அழுத்தி நிறுத்தும் கதவு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம்தான் மதுரையிலேயே எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் வீட்டுக்கு வந்து அளவெடுத்தார். குழந்தை கையை உள்ளே விடாமல் இருக்கக் கீழே இரண்டடிக்குத் தகடு அடிக்கலாம் என்றார். "அண்ணே, அவனுக்குக் காது கேக்காது. தகடு வச்சா பாப்பா வர்றதே தெரியாது, திடீர்னு பார்த்துப் பதறுவான்" என்றேன். கொஞ்ச நேரம் வெள்ளையனையே பார்த்துக்கொண்டு நின்றவர், "அப்ப அரை இஞ்ச் மெஷ் போட்டுருவோம்மா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கலாம், விரல் போகாது" என்றார். இந்த ஒரு யோசனைக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

கதவு நான்கடி உயரம், ஒரு இஞ்ச் ஸ்கொயர் பைப். மெஷ்ஷுக்கு மேலே எல்லாம் நெட்டுக்கம்பிதான். குறுக்குக்கம்பி வைத்தால் குழந்தைக்கு அதுவே ஏணி. சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார். கதவு ஹால் பக்கம் திறக்கும்படி கேட்டிருந்தேன். அவர்தான் மாற்றச் சொன்னார். நாய் இருக்கும் பக்கமாகத் திறந்தால், அவன் எவ்வளவு தள்ளினாலும் கதவு சட்டத்தோடு இறுகுமே தவிரத் திறக்காது. தாழ்ப்பாள் ஹால் பக்கம், மேலே. ஒரு வருடத்தில் ஒரு முறைகூட அசைந்ததில்லை. மொத்தம் 6,200 ரூபாய்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளுக்கு நான்கு நாள் தாமதம். தானாக மூடிக்கொள்ள வைத்த ஸ்பிரிங் மிக வேகமாக இழுக்கிறது. கீல் பக்கத்து இடைவெளியில் எங்கள் பெரிய பையன் விரல் நசுங்கப் பார்த்தது. நாங்களே அங்கே ரப்பர் பட்டை ஒட்டினோம். பெயின்ட் வாசனை போக இரண்டு நாள் ஆனது. அதுவரை வெள்ளையனை மாடியில் வைத்திருந்தோம். நாய் நக்கிவிடும் என்பதை அவர் முன்பே சொல்லியிருக்கலாம்.

கதவு வந்ததால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வெள்ளையன் சாப்பாடு, எலும்பு, தூக்கம் மூன்றும் கதவுக்கு அந்தப் பக்கம்தான். அவனும் பாப்பாவும் ஒரே அறையில் இருந்தால் நடுவில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போகிறவர் "நீ பார்த்துக்கோ" என்று சொல்லி, "சரி" என்று பதில் கேட்ட பிறகுதான் போக வேண்டும். அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்த அரை நிமிடத்தில்தான் அன்றைக்கு அது நடந்தது. அவனை எழுப்ப வேண்டுமென்றால் தரையில் காலால் தட்டுகிறோம், அதிர்வு தெரிந்து விழிக்கிறான். அவன் உறுமினால் யாரும் திட்டுவதில்லை. உறுமல்தான் அவன் தரும் எச்சரிக்கை. அதைத் திட்டி நிறுத்திவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிப்பான். உறுமுவதற்கு முன்னாலேயே தலையைத் திருப்புவான், உதட்டை நக்குவான், உடம்பு விறைத்து நிற்பான். பெரியவனுக்கு ஏழு வயது, இதையெல்லாம் இப்போது என்னைவிட வேகமாகக் கண்டுபிடிக்கிறான்.

தெருவுக்குக் கூட்டிப்போக, நாய் வாயில் மாட்டும் மசில் வாங்குவதாக இருந்தால் கூடை வகையை வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை மலிவுதான். ஆனால் நாய்க்கு நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கினால்தான் உடம்புச் சூடு தணியும். மதுரை வெயிலில் அதைக் கட்டி நடக்க வைப்பது கொடுமை. கூடையில் வாய் திறக்கும், தண்ணீரும் குடிக்கலாம்.

பட்டறைக்குப் போவதற்கு முன் நாயின் தோள் உயரம், வாசலின் அகலம், குழந்தை கை எட்டும் உயரம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நாயையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். எங்கள் அண்ணன் அடுத்த வாரம் ஸ்பிரிங் மாற்ற வருகிறார். பாப்பா இப்போது மெஷ்ஷுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து உள்ளங்கையைக் கீழே இறக்கி "உட்கார்" என்று சைகை காட்டுகிறாள். அவனும் அந்தப் பக்கம் உட்காருகிறான்.