எல்.பி. வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்.பி. என்கிற பழைய பெரிய இசைத்தட்டை முகம் தெரியாத ஒருவரிடமிருந்து போனிலேயே பேசி வாங்கப் போகிறீர்கள் என்றால், அட்டைப் படத்தையும் லேபிளையும் மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் வழவழவென்று ஒரு வெற்று வளையம் இருக்குமே, அந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதைக் கேட்காமல் விட்டதில் எனக்கு 7,750 ரூபாய் போனது. பணம் போனதைவிட, போன விதம்தான் இன்னும் ஆறவில்லை.

எனக்கு 55 வயது. திருச்சியில் நான் பள்ளியில் படித்த காலத்தில் வீட்டில் ரேடியோ மட்டும்தான். ரெக்கார்டு என்பது கல்யாண வீட்டுக்குச் சவுண்ட் சர்வீஸ்காரர் கொண்டுவரும் பெட்டிக்குள் இருக்கும் பொருள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தட்டை மாற்றும்போது உறையைப் பிடித்துக்கொள்ள என்னிடம் கொடுப்பாரா என்று காத்திருப்பேன். சித்தப்பாவோடு மெட்ராஸ் போனபோது மூர் மார்க்கெட்டில் ரெக்கார்டுகளை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து நகர மாட்டேன் என்று நின்றது நினைவிருக்கிறது. 1985ல் அந்த மார்க்கெட் எரிந்துபோனது. அப்புறம் கேசட் வந்தது. அப்போதெல்லாம் கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் என்று இருக்கும். ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், கடைக்காரர் தன்னிடமுள்ள எல்.பி.யிலிருந்து பதிந்து நாலு நாள் கழித்துத் தருவார்.

1986ல் அப்படிப் பதிந்து வாங்கியதுதான் 'மௌன ராகம்'. 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாட்டில் இரண்டாவது சரணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு 'டக்' கேட்கும். கடைக்காரரின் தட்டில் இருந்த கீறல் அது, அப்படியே என் கேசட்டில் இறங்கிவிட்டது. நாடா சுருங்கி அழுகிற வரைக்கும் கேட்டிருக்கிறேன். இன்றைக்கும் போனில் அந்தப் பாட்டைப் போட்டால் அந்த இடத்தில் என் காது 'டக்'கைத் தேடும். அந்தப் படத்தின் எல்.பி. ஒன்று என் வீட்டில் இருக்க வேண்டும் என்பது முப்பது வருட ஆசை. நல்ல பிளேயர் வாங்கி, முந்நூறுக்கு மேல் தட்டு சேர்த்த பிறகும் அது மட்டும் நல்ல நிலையில் கிடைக்கவே இல்லை.

விற்றவர் நேற்று முளைத்தவர் இல்லை. தட்டு சேர்ப்பவர்கள் இருக்கும் வாட்ஸப் குழு ஒன்றில் ஆறேழு மாதமாக இருந்தவர். அவரிடம் முன்பே 400, 450 ரூபாய்க்கு இரண்டு இ.பி. (சின்ன இசைத்தட்டு) வாங்கியிருந்தேன், இரண்டும் சொன்னபடி வந்தன. அது சின்ன மீனைப் போட்டுப் பெரிய மீனைப் பிடிக்கிற வேலை என்று இப்போது புரிகிறது. ஒரு நாள் இரவு 'மௌன ராகம்' எல்.பி. படம் அனுப்பினார். நியர் மின்ட், அதாவது கிட்டத்தட்டப் புதுசு, 7,500 ரூபாய், கூரியர் 250. நான் ஓட்டிக் காட்டும் வீடியோ கேட்டேன். "பிளேயர்ல பெல்ட் போயிடுச்சு சார், நாளைக்குத்தான் ஆள் வருவான். பெங்களூர் பார்ட்டி ஒருத்தர் ஒன்பதாயிரம் கேக்குறார், பழகினவர்னு உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "ஊசி வச்சுத் தேய்ச்சுடாதீங்க சார், இந்தக் கண்டிஷன்ல இனிமே கிடைக்காது. ஃப்ரேம் போட்டு மாட்டிடுங்க." தட்டைக் கேட்காதே என்று சொல்கிற வியாபாரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் ஜிபே செய்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் பார்சல் வந்தது. பிரித்ததும் முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. பழைய உறைக்குப் பழைய புத்தகத்தின் வாசம் இருக்கும், கொஞ்சம் பூஞ்சையும் கலந்து. இதில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்குள் நுழைந்த மாதிரி புது மை வாசம். அட்டையின் வலது ஓரத்தில் ஒரு மடிப்பு, நடுவில் தட்டின் வட்டம் பதிந்த வெளிறிய தழும்பு, எல்லாம் நாற்பது வருடச் சரக்குக்கு இருக்க வேண்டிய மாதிரியே இருந்தன. விரலை வைத்துத் தடவினேன். மடிப்பு இருந்த இடத்தில் மடிப்பு இல்லை. வழவழப்பாக ஓடியது விரல். யாருடைய பழைய அட்டையையோ ஸ்கேன் எடுத்து, அதன் மடிப்பையும் தழும்பையும் சேர்த்து அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

தட்டு பளபளவென்று இருந்தது, கூடுதலாகவே. லேபிள் சரியாக இருந்தது, தட்டை வெளியிட்ட எக்கோ கம்பெனி பெயர், பாட்டுகள், பாடியவர்கள் எல்லாம். வைத்து ஓட்டினேன். ஆர்மோனியம், தபலா, ஒரு ஆண் குரலில் இந்திப் பஜனை. பக்கத்தை மாற்றினேன், அதே குரல், வேறு பஜனை. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் நின்றாள்.

லேபிள் ஓரத்தில் நகத்தை விட்டேன், மெல்ல எழும்பியது. ஈரத் துணியை அஞ்சு நிமிடம் வைத்து எடுத்ததும் வட்டமாக உரிந்து வந்துவிட்டது, அடியில் வெள்ளைப் பசை திட்டுத் திட்டாக. அதற்குக் கீழே அசல் லேபிள், தேவநாகரி எழுத்தில்.

போன் செய்தேன். அதுவரை 'சார்', அன்றைக்கு 'அண்ணே' ஆகிவிட்டேன். "அண்ணே, நானே மும்பையில ஒருத்தர்கிட்ட வாங்கி அப்படியே அனுப்பினேன், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். திருப்பி அனுப்புகிறேன், பணத்தைத் தாருங்கள் என்றேன். பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னவர் மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டுக் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டார். சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். உங்களில் யாருக்காவது இப்படி ஆனால் மூன்று நாள் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், பணம் போன அன்றைக்கே அந்த எண்ணுக்கு அழையுங்கள், ஜிபே ரசீதில் இருக்கும் யு.பி.ஐ. எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. நான் சொல்லும்போதே ஆறு நாள் ஆகிவிட்டது. இதுவரை பணம் திரும்பவில்லை.

சரி, அந்த வெற்று வளைய விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதை மட்டும் இவர்களால் மாற்ற முடியாது. எல்.பி. தயாராகும்போது முதலில் ஒரு மூலத்தட்டில் பள்ளம் வெட்டுவார்கள். அந்தப் பக்கத்துக்கான எண்ணை அதன் வெற்று வளையத்தில் கையால் கீறுவார்கள், அல்லது முத்திரை மாதிரிக் குத்துவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அந்த அச்சில் அழுத்துகிற ஒவ்வொரு தட்டிலும் பாட்டோடு சேர்ந்து அந்த எண்ணும் பதியும். பல தட்டுகளில் அதே எண் லேபிளிலும் சின்ன எழுத்தில் இருக்கும். இல்லாவிட்டால் அதே தட்டு வைத்திருக்கும் யாரிடமாவது கேட்டு ஒப்பிடலாம். இரண்டு பக்கத்துக்கும் எண் வேறாக இருக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நேர் வெளிச்சத்தில் படம் எடுத்தால் எண் தெரியாது, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து எடுக்கச் சொல்லுங்கள், லேபிளும் எண்ணும் ஒரே படத்தில் வர வேண்டும். பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுத்தாள் இருந்தால் இன்னும் நல்லது, வேறு ஒருவரின் படத்தைத் தூக்கி அனுப்ப முடியாது.

லேபிள் பற்றி எனக்கே இத்தனை வருடம் தெரியாமல் இருந்த ஒன்று: அதை ஒட்டுவதே கிடையாது. சூடான வினைல் பிளாஸ்டிக் உருண்டைக்கு மேலே ஒன்று கீழே ஒன்று லேபிளை வைத்து, தட்டோடு சேர்த்தே அழுத்திவிடுகிறார்கள். பசையே இல்லை. அதனால் அசல் தட்டில் லேபிள் ஓரம் வினைலுக்குள் புதைந்த மாதிரி இருக்கும், நகத்துக்குப் பிடி கிடைக்காது. அச்சின் வட்டப் பள்ளம் லேபிள் மேலேயே அழுந்தித் தெரியும். ஒட்டிய தாளில் அந்தப் பள்ளம் மங்கிப்போயிருக்கும்.

பளபளப்பையும் நம்பாதீர்கள். தேங்காயெண்ணெயோ ஏதோ ஸ்பிரேயோ போட்டுத் தேய்த்தால் கீறல் மறைந்து தட்டு புதுசு மாதிரி மின்னும். ஓட்டினால் ஊசி நுனியில் அழுக்கு உருண்டை சேரும். எனக்கு அந்த இரண்டு பஜனைக்கே சேர்ந்துவிட்டது. பிசுக்கெடுக்கத் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிலர் சொல்வார்கள், வினைலுக்குச் சரி. ஆனால் பழைய 78 ஆர்.பி.எம். தட்டு இருந்தால் அதன் பக்கமே ஆல்கஹாலைக் கொண்டு போகாதீர்கள். அது அரக்கு, கரைந்துவிடும்.

கச்சேரி டிக்கெட்டிலும் இதே மாதிரி நடக்கிறது. என் அக்கா மகன் போன வருடம் ஒரு இசை நிகழ்ச்சிக்கு, போக முடியாமல் விற்பதாகச் சொன்ன ஒருவரிடம் 4,000 ரூபாய்க்கு இரண்டு டிக்கெட் வாங்கினான். வந்தது ஸ்கிரீன்ஷாட். வாசலில் ஸ்கேன் செய்தபோது ஏற்கெனவே அந்த டிக்கெட்டில் ஆள் உள்ளே போயிருந்தது. ஒரே ஸ்கிரீன்ஷாட்டை எத்தனை பேருக்கு விற்றார்களோ. பிள்ளை வெளியே நின்றே மூன்று பாட்டுக் கேட்டுவிட்டு வந்தான்.

எனக்கு அனுப்பிய படங்களை இன்னும் இரண்டு குழுக்களில் போட்டு, இது யாருடைய தட்டு என்று தெரியுமா என்று கேட்டேன். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அழைத்தார். அது அவருடைய தட்டு. மூன்று வருடம் முன்பு ஆசையாகப் படமெடுத்துப் போட்டதாம், விற்கும் எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. நடந்ததைச் சொன்னதும் ரொம்ப வருத்தப்பட்டார். உடனே அலமாரியிலிருந்து எடுத்து வெற்று வளையத்தில் இருக்கும் எண்ணைப் படித்துச் சொன்னார். அப்புறம், "கேக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாட்டைப் போட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார். இரண்டாவது சரணம் வரும் வரைக்கும் மூச்சை விடாமல் கேட்டேன். அவர் தட்டில் அந்த 'டக்' இல்லை.

இன்று காலை அதே படம் மறுபடி ஒரு குழுவில் வந்திருக்கிறது, வேறு பெயரில், வேறு எண்ணிலிருந்து, 6,800 ரூபாய்க்கு. கீழே இடது மூலையில் தட்டைப் பிடித்திருக்கும் கட்டைவிரல் தெரியும், நகத்துக்குக் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு இருக்கும். அது கோயம்புத்தூர்க்காரரின் விரல். அந்தப் படம் உங்களுக்கு வந்தால் பணம் அனுப்பாதீர்கள், எண்ணை எனக்குத் தெரியப்படுத்துங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.