தர்மோத்தரருக்கு எந்த வகுப்பில் இடம்?

தூரத்து மேட்டில் கருப்பாக ஏதோ எழும்புவதைப் பார்க்கிறீர்கள். புகை என்று நினைத்து, "அங்கே தீ எரிகிறது" என்கிறீர்கள். தீ எரிவது உண்மைதான். ஆனால் இறைச்சி வாட்ட அப்போதுதான் மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் கிளம்பவில்லை. நீங்கள் கண்டது இறைச்சி வாடைக்கு மொய்த்த பூச்சிக் கூட்டம். சொன்னது சரியாகிவிட்டது. அதற்காக, தீ இருப்பதை நீங்கள் அறிந்திருந்தீர்கள் என்று சொல்லலாமா?

எட்டாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மோத்தரர் தந்த உதாரணம் இது. ஏறத்தாழ இதே சிக்கலை 1963இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் எட்மண்ட் கெட்டியர் மூன்றே பக்கக் கட்டுரையில் கிளப்பினார். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ தத்துவம் படிப்பவர் கெட்டியரைத் தாண்டாமல் போவது கடினம். தர்மோத்தரர் பெயரையே கேட்காமல் முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். இதைச் சரிசெய்ய மூன்று யோசனைகள் அடிபடுகின்றன.

முதலாவது, தனிப் பாடம். 'இந்தியத் தத்துவம்', 'சீனத் தத்துவம்' என்று விருப்பப் பாடமாக வைப்பது. சமஸ்கிருதமோ பழஞ்சீனமோ தெரிந்த ஆசிரியர் கிடைத்துவிட்டால் இதற்கு நிகர் கிடையாது. மாணவர் ஒரு நூலை முழுதாக, அதற்குரிய எதிர்வாதங்களோடு படிக்கலாம். ஆனால் விருப்பப் பாடம் இலையோரத்து ஊறுகாய் மாதிரி. தொடாமலே சாப்பிட்டு எழுந்துவிடலாம். ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள்தான் வருவார்கள், கட்டாயப் பாடங்கள் இருந்தபடியே இருக்கும். தனியாக வைத்ததைச் 'சமயம்' என்ற பெட்டிக்குள் தள்ளிவிடுவதும் எளிது. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்த ராதாகிருஷ்ணன் 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஏற்ற பதவியின் பெயர் 'கீழை மதங்கள், அறவியல்' பேராசிரியர். பின்னாளில் அதே நாற்காலியில் உட்கார்ந்த பிமல் கிருஷ்ண மதிலால், 'நியாயம்' என்ற இந்தியத் தர்க்க மரபில் ஊறியவர். தர்க்க அறிஞருக்கு மதப் பேராசிரியர் பட்டம்!

இரண்டாவது, பெயர்ப் பலகையை மாற்றுவது. தத்துவப் பேராசிரியர்கள் ஜே கார்ஃபீல்டும் பிரையன் வான் நார்டனும் 2016இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார்கள்: மேலைத் தத்துவம் மட்டும்தான் கற்பிப்போம் என்றால், 'ஐரோப்பிய, அமெரிக்கத் தத்துவத் துறை' என்றே பெயர் வைத்துக்கொள்ளுங்கள். குத்தல் நன்றாகத்தான் இருக்கிறது, உறைக்கவும் வேண்டும். ஆனால் பலகையை மாற்றிய மறுநாளும் வகுப்பில் அதே பாடம்தான் நடக்கும்.

மூன்றாவது, கலந்து கற்பிப்பது. 'நான்' என்பது என்ன என்ற வாரத்தில் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூமோடு, மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி, உறுப்புகளின் சேர்க்கைக்கு வைத்த பெயர்தான் 'தேர்', 'நான்' என்பதும் அப்படித்தான் என்று சொன்ன விளக்கமும் வரும். கெட்டியரோடு தர்மோத்தரர் வருவார். முதலாண்டு மாணவர் அத்தனை பேரும் படிப்பார்கள். எனக்குப் பிடித்த வழி இதுதான்.

இதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கேள்வியை யார் போடுகிறார்கள்? மேலைப் பாடநூல் கேள்வி போட்டு மற்றவர்கள் பதில் சொல்ல மட்டும் வருவதானால், அதன் சாயலில் இருப்பவர்களுக்குத்தான் அழைப்பு வரும். தர்மோத்தரர் 'இந்தியக் கெட்டியர்' ஆகிவிடுவார், ஏறத்தாழ 1,200 ஆண்டு மூத்தவராக இருந்தும்! கெட்டியர் ஆராய்ந்தது, ஒருவர் கொண்டிருக்கும் நம்பிக்கை எப்போது அறிவாகிறது என்பதை. இந்திய மரபு பெரும்பாலும் அறிவை ஒரு கணத்து நிகழ்வாகப் பார்த்தது. அது எந்தக் கருவியால் பிறந்தது என்று கேட்டது. அந்தக் கருவிக்குத் தமிழில் 'அளவை' என்று அழகான பெயர் உண்டு. அளவைகள் எத்தனை என்பதிலேயே பெரிய சண்டை. மணிமேகலையில் வரும் அளவைவாதி, வேதவியாதன், கிருதகோடி, சைமினி என்ற மூன்று ஆசிரியர்கள் முறையே பத்து, எட்டு, ஆறு என்று வகுத்ததாகச் சொல்கிறான். பௌத்தராகிய திங்நாகருக்கு இரண்டே போதும்: காட்சி (புலன்களால் நேரே அறிவது), அனுமானம். பிறர் சொல்லைக் கேட்டு அறிவது தனி அளவையா என்று நியாயக்காரர்களும் பௌத்தர்களும் நூற்றாண்டுக் கணக்கில் மோதினார்கள். ஆங்கிலத் தத்துவ உலகில் அந்தக் கேள்வி சூடுபிடித்தது 1990களை ஒட்டித்தான்.

நம் ஊரிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களில் இந்தியத் தத்துவம் ஒரு தாள், மேலைத் தத்துவம் வேறு தாள், இரண்டும் பேசிக்கொள்வது அபூர்வம். மணிமேகலையைத் தமிழ்த் துறைக்கு விட்டுவிட்டோம்.

ஆசிரியருக்கே தெரியாததை எப்படிக் கற்பிப்பது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் கிரேக்கம் தெரியாமல் பிளேட்டோவை மொழிபெயர்ப்பில் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதனால் கலந்துதான் கற்பிக்க வேண்டும், ஆனால் வரிசையை மாற்றி. அறிவு பற்றிய பாடத்தில் முதல் வாரம் அளவைகள் எத்தனை என்ற சண்டை. இரண்டாம் வாரம் தர்மோத்தரரின் பூச்சிக் கூட்டம். ஆழமாகப் போக விரும்புகிறவர்களுக்கு அப்புறம் அந்தத் தனிப் பாடமும் இருக்கட்டும். கெட்டியர் மூன்றாம் வாரம் வரலாம், மூன்று பக்கம்தானே.